1848 என்று எழுதியிருந்தால் 1848தானா? மூன்று கண்ணாடி உருண்டைகளில் எதை வாங்குவது

"மாமா, கண்ணாடிக்குள்ளேயே 1848 என்று எழுதியிருக்கிறது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் உங்களுக்கு?"

கேட்டவன் என் அக்கா மகன். பர்மிங்காமில் வேலை. பழைய பேப்பர்வெயிட் சேர்க்கும் பைத்தியம் ஆறு மாதமாகப் பிடித்திருக்கிறது. தொற்றவைத்தவன் நான்தான் என்பதால் அக்காவிடம் புகார் சொல்லவும் முடியாது. கணவரை இழந்த ஒரு மூதாட்டி, அந்தக் கணவர் சேர்த்தவற்றில் மிஞ்சிய மூன்று உருண்டைகளை இவனிடம் கொடுத்து, "ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். மூன்றுக்கும் ஒரே விலைதான். பிடித்ததை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தாருங்கள்" என்றிருக்கிறார். இவன் கையில் ஒன்றுக்குத்தான் பணம். சனிக்கிழமை காலையில் மூன்றையும் கம்பளிக் காலுறைகளுக்குள் சுருட்டிக்கொண்டு லண்டனுக்கு ரயில் ஏறிவிட்டான்.

நம் ஊர் தாலுகா அலுவலகங்களில் மின்விசிறிக்குப் பயந்து காகிதங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் குமிழி விழுந்த கண்ணாடி உருண்டைகளை எல்லோரும் பார்த்திருப்போம். சாப்பாட்டு மேசையில் இவன் வரிசையாக வைத்தவை அந்தக் குலத்தின் பணக்காரச் சொந்தங்கள். மூன்றுமே இத்தாலியர் 'மில்லெஃபியோரி' என்று சொல்லும் ஆயிரம்பூ வகை: நிறக் கண்ணாடிக் குச்சிகளை நறுக்கிய பூப்போன்ற சின்ன வில்லைகளை உள்ளே அடுக்கியவை. அடையாளத்துக்காக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டோம். முதலாவது 'தேதி': உயரமானது, கனமானது, வெள்ளையும் நீலமும் சிவப்புமாக வில்லைகள் வட்டத்துக்குள் வட்டமாக நிற்க, நடுவே 1848. இரண்டாவது 'ரோஜா': சற்றுச் சிறியது, வில்லைகள் இடைவெளி விட்டு நிற்கின்றன, அவற்றில் ஒன்று இளஞ்சிவப்பு ரோஜா, மேல்புறத்தில் எங்கோ இடித்து நகக்கண் அளவுக்குப் பிறை வடிவத்தில் ஒரு காயம். பெயர் இல்லை, ஆண்டும் இல்லை. மூன்றாவது 'கதம்பம்': பூக்களை இடைவெளியே இல்லாமல் நெருக்கிக் கட்டியது, மூன்றிலும் பளிச்சென்று கண்ணைப் பறித்தது அதுதான்.

எதை எடுப்பது? விலை ஒன்று என்பதால் கேள்வி வயதைப் பற்றியது. இந்தப் பொருளைப் பொறுத்தவரை வயதுக் கேள்வி கொஞ்சம் எளிது. ஏனென்றால் பொற்காலம் மிகக் குறுகியது. 1845இல் வியன்னாவில் நடந்த ஆஸ்திரியத் தொழில் கண்காட்சியில் வெனிஸைச் சேர்ந்த பியெத்ரோ பிகாலியா இத்தகைய உருண்டைகளை வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டுப் போன பெலிகோ என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் பாரிஸ் வணிகச் சபைக்கு அறிக்கை எழுதினார். அதே 1845ஐச் சுமந்த, பிரான்சின் சேன்-லூயி தொழிற்சாலையின் உருண்டைகள்கூட இன்று இருக்கின்றன. 1846இலிருந்து பாக்கரா தொழிற்சாலையும் இறங்கியது, பாரிஸை ஒட்டிய கிளிஷியும் சேர்ந்துகொண்டது. மூன்று தொழிற்சாலைகளும் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் செய்து குவித்தன. 1860 வாக்கில் மோகம் வடிந்துவிட்டது. ஆக, 'இது எந்த ஆண்டு' என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. 'அந்தப் பதினைந்து ஆண்டுக்குள்ளா, வெளியிலா' என்பதுதான் பணத்தைத் தீர்மானிக்கிறது.

அதைச் சொல்லக்கூடிய சாட்சிகள் ஐந்து: உள்ளே எழுதியிருக்கும் தேதி, தண்ணீர், புற ஊதா விளக்கு, அடிப்பகுதி, வில்லைகள். இவன் முதல் சாட்சியோடு வழக்கை முடித்துவிடப் பார்த்தான். எனக்கு அந்தச் சாட்சியின் மேல்தான் நம்பிக்கை குறைவு. அதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இதே 1848ஐப் பார்த்துவிட்டு, பேரம்கூடப் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தவன் நான். விற்றவர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னபோதே உறைத்திருக்க வேண்டும்.

தேதியைப் பற்றி உறுதியாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். பாக்கரா தன் ஆயிரம்பூ உருண்டைகளில் பெரும்பாலும் 1846 முதல் 1849 வரையான ஆண்டுகளைப் போட்டது. 1847உம் 1848உம் நிறையக் கிடைக்கும், 1849 அரிது. எண்ணோடு 'பி' என்ற எழுத்து வருவது வழக்கம். சேன்-லூயி 1845 முதல் 1849 வரை, 'எஸ்.எல்.' எழுத்துகளோடு, அதிலும் 1848தான் அதிகம். கிளிஷி ஆண்டே போடாது. 'சி' என்ற எழுத்தை மட்டும் சிலவற்றில் வைத்தது. ஆக, 1848 என்பது உண்மையான உருண்டைகளிலேயே நிறையக் காணப்படும் ஆண்டு. போலி செய்கிறவன் எந்த ஆண்டைப் போடுவான்? சேகரிப்பவர் காதில் ஏற்கெனவே விழுந்திருக்கும் ஆண்டைத்தான்.

எழுத்தே இல்லாமல் வெறும் 1848 மட்டும் இருக்கும் ஆங்கிலேய உருண்டைகளும் மைப்புட்டிகளும் ஒரு தனிக் கதை. லண்டனின் வைட்ஃப்ரையர்ஸ் தொழிற்சாலை 1848இல் செய்தவை என்று பல பத்தாண்டுகள் அவற்றை விற்றார்கள், வாங்கினார்கள், நூல்களிலும் எழுதினார்கள். பின்னால் கிளறிப் பார்த்ததில் அவை இருபதாம் நூற்றாண்டில், இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், பர்மிங்காமில் செய்தவை என்று தெரியவந்தது. ஆர்குலஸ், வால்ஷ் வால்ஷ் என்ற தொழிற்சாலைப் பெயர்கள் அடிபடுகின்றன. பாக்கராவிலும் இதே கூத்து உண்டு. போர்களுக்கு இடையே துபோன் என்ற பெயரோடு சேர்த்துப் பேசப்படும் உருண்டைகள் வந்தன. அவற்றில் சிலவற்றில் பழைய ஆண்டுகள் கூசாமல் உட்கார்ந்திருக்கின்றன. அமெரிக்காவில் 1852 என்று போட வேண்டிய இடத்தில் எண் இடம் மாறி 1825 என்று விழுந்துவிட்ட உருண்டைகள் இருக்கின்றன. அவை போலியல்ல, வெறும் கைப்பிசகு. ஆனால் தேதியை அப்படியே நம்புகிறவர், வியன்னா கண்காட்சிக்கே இருபது ஆண்டு முந்தைய அதிசயத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகக் குதிப்பார்.

தேதி இல்லாவிட்டால் பழையதல்ல என்றும் எண்ணிவிடக் கூடாது. பொற்காலத்து உருண்டைகளில் பெரும்பான்மைக்கு ஆண்டு கிடையாது. பாக்கராவும் 1849உடன் அடுப்பை அணைத்துவிடவில்லை: இரண்டாம் உலகப் போரில் இடிந்த பாக்கரா ஊர்த் தேவாலயத்தின் அடித்தளக் கல்லிலிருந்து 1951இல் ஓர் உருண்டை கிடைத்தது, அதில் இருந்த ஆண்டு 1853.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "சரி மாமா, தண்ணீரில் போடுங்கள்" என்றான், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு.

ஐந்து சாட்சிகளில் தண்ணீருக்குத்தான் செலவே இல்லை. சமையலறைத் தராசு, ஒரு பிளாஸ்டிக் பாத்திரம், பருத்தி நூல் போதும். முதலில் உருண்டையைக் காய்ந்த நிலையில் எடை போடுங்கள். பிறகு பாத்திரத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் வைத்து, தராசில் ஏற்றி, பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். உருண்டையை நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, ஆனால் அடியிலோ பக்கத்திலோ தொடாதபடி தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் எண் உருண்டை ஒதுக்கிய தண்ணீரின் எடை. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் அடர்த்தி. தண்ணீர் அறையின் வெப்பத்திலேயே இருக்க வேண்டும். வெந்நீர் பட்டால் நூற்றைம்பது வருடக் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். நூலில் கட்டுவதும் அவ்வளவு எளிதல்ல. வழவழவென்று நழுவும். கடைசியில் மனைவி தேங்காய் வாங்கி வந்த வலைப்பையின் துண்டை வெட்டிக் கொடுத்தாள்; அதற்குள் உருண்டை பவ்யமாக உட்கார்ந்துகொண்டது.

தேதி 705 கிராம், ஒதுக்கியது 228, அடர்த்தி 3.09. ரோஜா 498; 163; 3.06. கதம்பம் 431, 172, 2.51.

இந்த மூன்று எண்களில் ஒரு வழக்கு முடிந்துவிட்டது. ஈயம் கலந்த கண்ணாடி 3ஐ ஒட்டி நிற்கும். சாதாரண சோடாக் கண்ணாடி 2.5ஐ ஒட்டி நிற்கும். பொற்காலத்துப் பிரெஞ்சு உருண்டைகள் ஈயக் கண்ணாடி. கதம்பம் சோடாக் கண்ணாடி. ஆகவே அது அந்த மூன்று பிரெஞ்சுப் பட்டறைகளின் பிள்ளை இல்லை. 1930களில் பழைய பிரெஞ்சு, அமெரிக்க உருண்டைகளைப் பார்த்துச் சீனாவில் நகல் செய்து மேற்குச் சந்தைக்கு அனுப்பினார்கள். மூரானோவிலிருந்து இருபதாம் நூற்றாண்டு முழுக்கச் சுற்றுலாக்காரர்களுக்காக வந்தவையும் ஏராளம். கையில் எடுத்தால் பார்வைக்கு இருக்கும் கனம் இருக்காது. கண்ணாடியில் லேசாகப் பச்சையோ மஞ்சளோ ஓடும். கதம்பத்தின் விளிம்பை வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தோம். பழைய தண்ணீர்ப் புட்டி போலப் பச்சை.

தண்ணீருக்கும் ஓர் எல்லை உண்டு. அது ஆகாததைத் தள்ளும், ஆனதைத் தேர்ந்தெடுக்காது. ஆங்கிலேயர் போட்டதும் ஈயக் கண்ணாடிதான், அமெரிக்கர் போட்டதும் அதுதான், நேற்று பாக்கராவில் செய்ததும் அதுதான். தேதிக்கும் ரோஜாவுக்கும் நடுவே அதனால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

புற ஊதா விளக்கை நான் சீக்கிரம் தாண்டிவிடுகிறேன். குற்றலை (அலைநீளம் குறைந்த) புற ஊதா விளக்கின் கீழ் ஈயக் கண்ணாடி பொதுவாக நீலம் கலந்து ஒளிரும். மாங்கனீசு போட்டு நிறம் நீக்கிய சோடாக் கண்ணாடி பச்சையாக ஒளிரும். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒரு நிறம் என்று அட்டவணை வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் ஐயத்துக்கு இடமில்லாத ஓர் உருண்டையை வைத்து ஒப்பிட முடியாவிட்டால் அந்த அட்டவணை ஜாதகம் பார்ப்பது போலத்தான். குற்றலை விளக்கு கண்ணைக் கெடுக்கும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி வேறு வாங்க வேண்டும். தண்ணீர் இலவசமாகச் சொன்னதைத்தான் விளக்கு காசு வாங்கிக்கொண்டு மறுபடி சொல்கிறது. உடைந்ததைப் பசையால் ஒட்டியிருந்தால் காட்டிக்கொடுக்கும் என்பது மட்டும் அதன் தனித் தகுதி.

அடிப்பகுதிக்கு வருவோம். அங்கே நேரம் செலவழிக்கலாம். பழைய உருண்டை மேசைமேல் தள்ளித் தள்ளி வைக்கப்பட்டது. அது உட்காரும் விளிம்பில் மட்டும் கீறல்கள் வளையமாக விழுந்திருக்கும். அவை நாலா திசையிலும் ஓடும், சில ஆழம், சில மயிரிழை, எல்லாம் சேர்ந்து சாம்பல் பூத்தது போலத் தெரியும். உப்புத்தாளில் தேய்த்துக் கிழடு தட்ட வைத்தால் கீறல்கள் ஒரே திசையில், ஒரே ஆழத்தில், தேவையில்லாத நடுப்பகுதியிலும் இருக்கும். இதைப் பூதக்கண்ணாடியில் ஒரு முறை பார்த்துவிட்டால் மறக்காது.

மூன்றையும் கவிழ்த்துப் பார்த்தோம். ரோஜாவின் அடி லேசாகக் குழிந்து, விளிம்பில் நேர்மையான சாம்பல் வளையம். தேதியிலும் நேர்மையான வளையம். இவன் முகம் மலர்ந்தது. ஆனால் 1930ஐ ஒட்டிச் செய்ததற்கும் இன்று தொண்ணூறு வயதுக்குக் குறையாது. தொண்ணூறு வருடம் மேசையில் உராய்ந்ததையும் நூற்றெழுபது வருடம் உராய்ந்ததையும் கீறலை வைத்துப் பிரிக்க எந்தக் கண்ணுக்கும் முடியாது. அடியை யாராவது மெருகேற்றியிருந்தால் அந்தச் சாட்சியும் அழிந்துபோகும். நேற்றைய போலியைப் பிடிக்கத்தான் இந்தச் சோதனை உதவும். தாத்தா காலத்துப் போலியிடம் அது ஏமாறும்.

மிச்சம் இருப்பது வில்லைகள். என்னைக் கேட்டால் உண்மையான சாட்சி அதுதான்; ஆனால் அதன் மொழியைக் கற்க நாளாகும். ஒரு வில்லை எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் பாதி கற்றது போல. உருகிய நிறக் கண்ணாடியை முறுக்கு அச்சு போன்ற உட்புறம் நட்சத்திரமோ பல்சக்கரமோ கொண்ட உலோக அச்சில் அழுத்துவார்கள். அதன்மேல் வேறு நிறம், மறுபடி வேறு அச்சு. கடைசியில் அந்தத் தடித்த உருளையின் இரு முனைகளிலும் இரும்புக் கம்பியை ஒட்டி, இரண்டு பேர் எதிரெதிர்த் திசையில் நடப்பார்கள். கண்ணாடி இழுபட்டுக் குச்சியாக மெலியும். உள்ளே இருக்கும் உருவம் சுருங்குமே தவிரக் கலையாது. ஆறியபின் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, வட்டத்தில் அடுக்கி, உருகிய கண்ணாடியால் ஒற்றி எடுத்து, மேலே தெளிந்த கண்ணாடியைக் கவிழ்த்தால் உருண்டை. அச்சு தொழிற்சாலையின் சொத்து. கையெழுத்தை ஏமாற்றுவது எளிது, அலமாரி நிறைய அச்சுகளை ஏமாற்றுவது கடினம். அதனால்தான் வில்லைகளை நம்பலாம் என்கிறேன்.

பாக்கராவின் விலங்கு உருவங்கள் இதற்கு நல்ல உதாரணம். 1846இல் அங்கே பொறுப்பிலிருந்த ஜான்-பத்திஸ்த் துசேன், தன் மருமகன் எமீல் கிரிதேல் என்ற ஒன்பது வயதுச் சிறுவன் காகிதத்தில் வெட்டிய விலங்குகளைப் பார்த்து, அவற்றைக் குச்சிக்குள் உருவமாக இறக்கச் சொன்னார். சேவல், யானை, குதிரை, குரங்கு என்று ஒரு சின்னப் பண்ணையே வில்லைகளில் இறங்கியது. 1970களில் பாக்கரா அதே உருவங்களைத் திரும்பச் செய்தது. ஆனால் ஒளிக்காமல், தன் முத்திரையோடு. அம்புக்குறி, நட்சத்திரம் போன்றவையும் பாக்கராவில் நிறையக் கிடைக்கும்.

கிளிஷிக்கு ரோஜா. மலர்ந்த முட்டைக்கோஸ் போல இதழ்மேல் இதழாக இளஞ்சிவப்பு. வெளியே பச்சைப் புல்லிவட்டம். இதைக் கண்டதும் துள்ளுவதுதான் புதிதாகச் சேர்க்கிறவர்களின் அடுத்த தவறு. வேறு தொழிற்சாலைகளும் ரோஜா செய்தன. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து கண்ணாடிக் கம்பெனி செய்தது. அங்கே பாக்கராவில் பழகிய பிரெஞ்சுக் கைவினைஞரே வேலை பார்த்தார் என்பதால் குழப்பம் இன்னும் கூடும். எனவே ரோஜாவை விட்டுவிட்டுப் பக்கத்து வில்லைகளைப் பார்த்தோம். கிளிஷியில் கேக் அச்சு போல ஆழமான வரிகளோடு, அடியில் பாவாடையாக விரியும் வில்லைகள் உண்டு. பக்கவாட்டிலிருந்து பார்த்தால்தான் அந்த விரிவு தெரியும். மேலிருந்து பார்த்தால் கண்ணாடியே லென்ஸாகி எல்லாவற்றையும் ஊதிக் காட்டிவிடும். ரோஜாவில் அத்தகைய வில்லைகள் நான்கு இருந்தன. ஒன்று கிளிப்பச்சை. பாவாடை வில்லைகள், லேசாகக் குழிந்த சின்ன அடி, உருண்டைக்கு நெருங்கிய வடிவம், 3ஐ ஒட்டிய அடர்த்தி, ரோஜா. தனித்தனியே எதுவும் நிரூபணம் இல்லை. ஐந்தும் ஒரே பக்கம் கை காட்டும்போது நான் பணத்தை எடுப்பேன்.

தேதியின் வில்லைகளை அதற்குப் பிறகு பார்த்ததுதான் பரிதாபம். தடித்த, எளிய பல்சக்கரங்கள். ஒரே அச்சை நிறம் மாற்றி மாற்றி எல்லா வளையத்திலும் போட்டிருந்தார்கள். 'பி'யும் இல்லை, 'எஸ்.எல்.'லும் இல்லை. உயர்ந்த முகடு. என் அலமாரியில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை அவமானத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். அண்ணன் தம்பி. இரண்டுமே போர்களுக்கு இடையே பர்மிங்காமில் பிறந்தவை.

"அப்படியென்றால் ரோஜாவின் காயம்? மெருகேற்றிச் சரிசெய்துவிடலாமா?" என்றான். கூடாது என்றேன். மெருகேற்றும்போது மேல்கண்ணாடி தேயும், முகடு தாழும், வில்லைகள் மேற்பரப்புக்கு நெருங்கிவந்து அந்த லென்ஸ் மாயமே குறையும். ஏற்கெனவே தேய்த்ததா என்று பார்க்கவும் இதுதான் வழி. ஓரத்து வில்லை கண்ணாடியின் விளிம்பை இடிக்கிற மாதிரி நின்றால் யாரோ நிறையச் சுரண்டியிருக்கிறார்கள். காயம் வில்லைகளைத் தொடாதவரை அதோடு வாழலாம்.

தீர்ப்பு அப்போதே எழுதியாகிவிட்டது: மூன்றுக்கும் ஒரே விலை என்றால் ரோஜா. பழமையே வேண்டாம், மேசைக்கு அழகாக இருந்தால் போதும் என்றால் இந்த மூன்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஸ்காட்லாந்தின் கிரீஃபில் 1968 முதல் 2002 வரை இயங்கிய பெர்த்ஷையரின் உருண்டை ஒன்றை வாங்கச் சொல்லியிருப்பேன். வேலைப்பாட்டில் பொற்காலத்துக்குச் சளைத்ததல்ல. 'பி' என்று தன் பெயரின் முதல் எழுத்தை உள்ளே வைத்து, தன் வயதை மறைக்காமல் விற்ற தொழிற்சாலை அது. பாக்கராவின் எழுத்தும் தமிழில் இதே 'பி'தான். ஆங்கிலத்தில் அது B, இது P, குழம்பிவிட வேண்டாம். கதம்பத்தைச் சீன உருண்டை என்று சொல்லி, சீன உருண்டையின் விலைக்குத் தந்தால், அதையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

இவன் ரோஜாவை எடுத்துக்கொண்டான். தேதி எப்போது செய்தது என்பதை மூதாட்டியிடம் சொல்லிவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தான். அடுத்து வாங்க வருபவர் என்னைப் போல எண்ணிக் கொடுத்துவிடக் கூடாதல்லவா. ஜன்னலோரம் வைக்காதே, வெயிலைக் குவித்து மேசைத்துணியைக் கருக்கிவிடும் என்று அத்தை சொன்னதற்குத் தலையாட்டினான்.

போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டான். இப்போது அவனுக்குத் தேதியும் வேண்டுமாம். "அந்தத் தொழிற்சாலை என் அறையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்திருக்கிறது, மாமா" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பாதி விலைக்குக் கேள் என்று மட்டும் சொன்னேன்.